ரப்பர் விளையில் குதிரைக்கு ஒரு பயிற்சிக் கொட்டகை: முதலில் தரை, அப்புறம் கூரை

கேள்வி சுருக்கமாக இது. திருவட்டார் பக்கம் ஒருவருக்கு 90 செண்ட் சரிவான விளை, அதாவது தோட்ட நிலம். பழைய ரப்பரை முறித்துவிட்டார்கள். வீட்டில் இரண்டு குதிரைகள்: ஒரு மார்வாரிப் பெட்டை, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தரோபிரெட். மகள் தினமும் ஏறிப் பழகுகிறாள். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பயிற்சி பாதி நாள் நின்றுபோகிறது. அதனால் நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே ஷீட் போட்டு, உள்ளே கடல் மணலோ ஆற்று மணலோ கொட்டி ஒரு உள்ளரங்கம் கட்டலாமா, எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்கிறார்.

தாராளமாகக் கட்டலாம். ஆனால் திட்டத்தில் மூன்று விஷயங்களை மாற்றச் சொல்வேன். நான்கு சுவர் வேண்டாம். கடல் மணல் வேண்டவே வேண்டாம். கூரையைப் பற்றி யோசிப்பதற்கு முன் தரையைப் பற்றி யோசியுங்கள். தக்கலைக்கு மேற்கே என் சொந்த விளையில் ஒரு கொட்டகை கட்டி, அதன் தரையை ஒருமுறை முழுவதும் பிரித்தெடுத்துத் திரும்பப் போட்டவன் நான். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தரையின் கதையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. செம்மண்ணைச் சமப்படுத்தி, அதன் மேல் நேரடியாக ஒரு சாண் உயரத்துக்கு மணல் கொட்டினேன். மெத்தை மாதிரி இருந்தால் காலுக்கு நல்லதுதானே என்ற நினைப்பு. இரண்டு மாதம் எல்லாம் சரியாகத்தான் போனது. ஒருநாள் காலையில் தீனி வைக்கும் முன், வழக்கம்போல என் பெட்டையின் முன்னங்காலை முழங்காலிலிருந்து கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வந்தேன். எலும்புக்குப் பின்னால் கயிறு மாதிரி இறுகி ஓடும் தசைநார் இருக்குமே, அது ஓரிடத்தில் கொழுகொழுவென்று இருந்தது. இடது காலைவிட வலது கால் சுட்டது. விரலால் லேசாக அழுத்தினேன், காலை இழுத்துக்கொண்டாள். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, தசைநார் பிய்ந்திருக்கிறது என்றார். அவள் மறுபடி முழு வேலைக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

காரணம் எளிமையானது. ஆழமான மணலில் குளம்பு புதையும்போது குதிகால் கீழே போகிறது, கணுக்காலின் மூட்டு இன்னும் கீழே இறங்குகிறது, பின்பக்கத் தசைநார் அளவுக்கு மீறி நீள்கிறது. காலை வெளியே இழுக்க ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் பலம் வேண்டும். கடற்கரையில் உலர்ந்த மணலில் நாம் ஓடிப் பார்த்தால் கெண்டைக்கால் என்ன பாடு படும்! குதிரைக்கு 400, 500 கிலோ உடம்பு. முழங்காலுக்குக் கீழே அதற்குத் தசையே கிடையாது, எலும்பும் நாரும்தான். தாங்க வேண்டியது அடியிலிருக்கும் கெட்டித் தரை. மேலே இருக்கும் மணலின் வேலை பிடிமானமும் கொஞ்சம் மெத்தென்ற உணர்வும் மட்டுமே. வெறும் நடை, ட்ராட் (சிறு ஓட்டம்), கேன்டர் (அதைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டம்) பழக 5 சென்டிமீட்டர் மணலில் தொடங்குங்கள். தடை தாண்டிப் பழக்கினால் 7 அல்லது 8. குறைந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கூடிவிட்டால் அள்ளி வெளியேற்றுவது பெரும்பாடு.

சரி, அளவுக்கு வருவோம். 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம். குதிரையை நுணுக்கமாக அடிவைத்து நடத்தும் ட்ரெஸ்ஸாஜ் பயிற்சியில் சிறிய களத்தின் அளவு இது, பெரியது 20க்கு 60. குதிரையை நீளக் கயிற்றில் சுற்றவிடும்போதும், கேன்டரில் வட்டம் எடுக்கும்போதும் 20 மீட்டர் விட்டம்தான் பழக்கத்தில் இருக்கும் அளவு. அதைவிடச் சின்ன வட்டத்தில் தினமும் சுற்றினால் உட்பக்கக் காலில் பாரம் ஏறும். நீளமான எட்டு வைத்துப் பழகிய பந்தயக் குதிரைக்கு அது இன்னும் சிரமம். 800 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 20 செண்ட். கூரையின் இறவாரம், வடிகால், சுற்றி ஒரு வண்டி போக வழி எல்லாம் சேர்த்து 26க்கு 46 மீட்டர் எடுத்தால் 30 செண்ட் ஆகும். உங்கள் விளையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மீதியில் லாயமும் சாணக்குழியும் போக, கயிறு இல்லாமல் அவிழ்த்துவிட ஒரு திறந்தவெளி கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைக் கொட்டகைக்காக விழுங்கிவிடாதீர்கள்.

இனி உங்கள் சரிவு. நம் மேற்கு விளைகள் பெரும்பாலும் தட்டுத் தட்டாகத்தான் இருக்கும், அங்கேதான் வேலையே. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். கொட்டகையின் நீளவாட்டு சரிவுக்குக் குறுக்காக, அதாவது தட்டு போகும் போக்கிலேயே இருந்தால், 26 மீட்டர் அகலத்துக்கு 2.6 மீட்டர் ஏற்றத்தாழ்வு. மேல்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியில் நிரப்ப வேண்டிய மண் ஏறக்குறைய 390 கன மீட்டர். நீளவாட்டைச் சரிவோடு இறக்கி வைத்தால் அது ஏறக்குறைய 690 கன மீட்டர் ஆகும். ஒரு கோணத்தைத் திருப்பி வைப்பதில் வெட்டும் மண் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிவிடுகிறது, ஜேசிபி வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

வெட்டிய பக்கம் கல் மாதிரி இருக்கும், நிரப்பிய பக்கம் மழைக்கு அமுங்கும். இரண்டும் சேரும் கோட்டில் தரையில் விரிசல் விழும். அதனால் நிரப்பும் மண்ணை ஒரே கொட்டாகக் கொட்டாமல், 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அதன் மேல் அடுத்த அடுக்கு என்று ஏற்ற வேண்டும். கீழ் ஓரத்தில் கருங்கல் கட்டு, அதில் தண்ணீர் வெளியேறக் குழாய்கள். அப்புறம் ரப்பர் மூடு, அதாவது அடிக்கட்டை! மரத்தை முறித்தவர்கள் அடிக்கட்டையையும் வேரையும் விட்டுவிட்டுப் போயிருந்தால் ஒவ்வொன்றையும் தோண்டி எடுங்கள். உள்ளே இருந்தால் சிதல் தின்று, நாலைந்து வருடத்தில் அந்த இடம் பொக்கென்று இறங்கும். கேன்டரில் வரும் குதிரையின் கால் அதில் விழுவதை நினைத்துப் பாருங்கள். முடிந்தால் மேடையை இந்த வருடம் அமைத்து, ஒரு சாரலும் ஒரு அடைமழையும் அதன் மேல் விழுந்த பிறகு அடுத்த வேலையைத் தொடங்குங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே அரிக்கிறது என்று மழையே காட்டிக்கொடுக்கும்.

அனுமதி விஷயத்தையும் இந்தக் காத்திருப்பில் முடித்துவிடலாம். ஊராட்சியோ பேரூராட்சியோ, வரைபட அனுமதி வாங்காமல் இவ்வளவு பெரிய கூரை எழுப்ப வேண்டாம். நம் மாவட்டத்தில் மலையோரக் கிராமங்கள் சில மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வரும், கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் வரும். உங்கள் சர்வே எண் எதிலாவது இருக்கிறதா என்று மண்ணை வெட்டும் முன்பே பாருங்கள். இதைப் படிக்கும் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் யாராவது வயலை நிரப்பிக் கட்ட நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபக்கம் இருக்கட்டும், வயலின் களிமண் குதிரைத் தரைக்கு அடித்தளமாகவே ஆகாது.

கூரையில் எல்லோரும் பாரத்தைத்தான் கேட்பார்கள்: "இவ்வளவு ஷீட்டைத் தூண் தாங்குமா?" நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி அதற்கு நேர் எதிர்: காற்று இதைப் பிடுங்கிக்கொண்டு போகாமல் எது பிடித்து வைத்திருக்கிறது? கணக்கைப் பாருங்கள். காற்றுப் பாரத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி. அதில் நம் பகுதிக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும்: சதுர மீட்டருக்குச் சுமார் 912 நியூட்டன், நம் பேச்சில் 93 கிலோ. வடிவத்துக்கான குணகங்களைச் சேர்க்காமல் தோராயமாக 800 சதுர மீட்டருக்குப் பார்த்தாலே 74 டன் மேல்நோக்கி இழுக்கும். ஷீட்டும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ்ஸும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 25 கிலோ என்று வைத்தால் கூரையின் எடை 20 டன்தான். மீதி 54 டன்னை யார் பிடிப்பது? அஸ்திவாரம்தான். 5 மீட்டருக்கு ஒரு தூண் என்றால் பக்கத்துக்கு 9, ஆக 18 தூண்கள், ஒவ்வொன்றின் அடியிலும் 3 டன் இழுவை. கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2.4 டன். அப்படியானால் ஒவ்வொரு தூணுக்கும் கீழே ஒன்றேகால் கன மீட்டர் கான்கிரீட்டாவது உட்கார்ந்திருக்க வேண்டும். ஓரத் தூணுக்கும் மூலைத் தூணுக்கும் கணக்கு வேறு. நிரப்பிய பக்கத்தில் அஸ்திவாரம் புதுமண்ணைத் தாண்டிப் பழைய கெட்டி மண்வரை இறங்க வேண்டும்.

இது விளக்கத்துக்காக நான் போட்ட தோராயக் கணக்கு. கட்ட இது போதாது. நடுவில் தூண் இல்லாமல் 20 மீட்டர் தாண்டும் கூரை, கோழிப் பண்ணைக்கும் ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைக்கும் டிரஸ் போட்ட அனுபவத்தில் செய்கிற வேலை அல்ல. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். எந்தப் பக்கம் திறந்திருக்கும், எந்தப் பக்கம் மூடியிருக்கும் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு நீங்களாகவே சாரலுக்கு மூன்று பக்கம் தார்ப்பாய் இழுத்துக் கட்டினால், உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையைத் தூக்கும், கணக்கே மாறிவிடும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்துபோன மறுநாள் எங்கள் வழியெல்லாம் ரப்பரும் வாழையும் தரையோடு கிடந்தன. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையின் கூரை, ஷீட் ஷீட்டாகப் பிய்யவில்லை, தூணோடும் அடிக்கல்லோடும் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து விளையில் கவிழ்ந்து கிடந்தது. தூணின் அடியில் ஒட்டியிருந்த கான்கிரீட் ஒரு குடத்தளவுதான் இருக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கட்டுகிறவர்கள் இதை இரண்டு மடங்கு கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே காற்றாலைகள் நிற்பது காரணமில்லாமல் இல்லை.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் எங்கே நின்றாலும் கடல் அதிக தூரமில்லை. ஷீட் துத்தநாகமும் அலுமினியமும் கலந்து பூசி, மேலே கலர் கோட்டிங் கொடுத்ததாக இருக்கட்டும். தூண், பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) எல்லாம் ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாக, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருந்தால் நிம்மதி. விலை கேட்கும்போது சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் வாங்காதீர்கள். மொத்த இரும்பு எத்தனை கிலோ, ஒவ்வொரு குழாயின் தடிமன் என்ன, ஷீட் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு விலைப்புள்ளிக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் அது பெரும்பாலும் இந்த மூன்றில்தான் ஒளிந்திருக்கும். இரும்புக் கூரைக்கு எர்த்திங், இடிதாங்கி இரண்டும் வேண்டும். நம் ஊரின் சித்திரை மாத மாலை இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுவர் ஏன் வேண்டாம் என்கிறேன்? உள்ளரங்கம் என்று படங்களில் பார்ப்பதெல்லாம் பனி விழும் நாடுகளில் குளிருக்காக அடைத்துக் கட்டியவை. நம் எதிரி வெப்பமும் புழுக்கமும். குதிரை தன் சூட்டைப் பெரும்பாலும் வியர்வையால்தான் வெளியேற்றுகிறது, அந்த வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். குதிரைக்காரர்களிடம் ஒரு எளிய கணக்கு உண்டு: வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து ஈரப்பத சதவீதத்தைக் கூட்டுங்கள். 130-க்குக் கீழே கவலையில்லை, 150 தாண்டினால் வேலையைக் குறைக்க வேண்டும், 180 வந்தால் ஏறவே கூடாது. மழை விட்ட ஒரு நாளில் 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 என்றால் 86-ம் 80-ம் சேர்ந்து 166. இது நமக்குச் சாதாரண நாள். இதில் காற்று நுழையாமல் நான்கு சுவரும் வைத்தால் அது பயிற்சிக் கூடம் ஆகாது, நெல் அவிக்கும் கொப்பரை ஆகிவிடும்.

எனக்கு வழிகாட்டியது பத்மநாபபுரம் அரண்மனை. அடுத்த முறை போகும்போது சிற்பங்களைப் பார்த்த கையோடு கூரையையும் அண்ணாந்து பாருங்கள். செங்குத்தான சரிவு, மழையைச் சுவருக்கு வரவிடாமல் தள்ளி வீசும் தாழ்ந்த இறவாரம், கூரை முனைகளில் முக்கோண முகப்பு, அதில் மரப் பின்னல் வழியாகச் சூடான காற்று வெளியேறும் திறப்பு. சாரலும் புழுக்கமும் சேர்ந்த ஊருக்குக் கூரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அதையே இரும்பில் செய்யுங்கள். முகட்டில் நீளவாட்டில் ஒரு திறப்பு, அதன் மேல் குடை மாதிரி ஒரு சின்னக் கூரை. பக்கங்களில் ஒன்றரை மீட்டர் இறவாரம். கூரையின் தாழ்ந்த ஓரமே தரையிலிருந்து 16 அடி இருக்கட்டும். தரோபிரெட் மேல் உட்கார்ந்தவரின் தலை ஒன்பது அடியைத் தொடும், குதிரை எகிறினால் அதற்கும் மேல். அவ்வளவு உயரம் வைத்தால் சாரல் உள்ளே வருமே என்றால், வரும். ஓரத்தில் ஒரு மீட்டருக்கு மணல் நனையும். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை, பிறகு சொல்லப்போகிறபடி அந்த மணலுக்கு ஈரம் வேண்டும்தான். சாரல் அதிகம் அடிக்கும் பக்கத்துக்கு நிழல்வலை போதும், ஆனால் அதையும் இன்ஜினீயரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

திசை உங்கள் கையில் இருந்தால் நீளவாட்டைக் கிழக்கு மேற்காக வையுங்கள். நாம் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம், உச்சிவெயில் கூரையின் மேல்தான் விழும். தொந்தரவு செய்வது நாம் குதிரை ஏறும் நேரத்துக் காலை வெயிலும் மாலை வெயிலும். அவை குறுகிய பக்கம் வழியாக மட்டும் வந்தால் தரையில் வெயிலும் நிழலுமாகப் பட்டை விழுவது குறையும். அந்தப் பட்டையைக் கண்டு தயங்கி நிற்கும், தாண்டிக் குதிக்கும் குதிரைகள் உண்டு. வெளிச்சத்துக்காக நடு நடுவே கண்ணாடி ஷீட் போடச் சொன்னால் அதே காரணத்துக்காக மறுத்துவிடுங்கள். ஆனால் சரிவுதான் முதலில், திசை அதற்கு அடுத்ததுதான்.

கூரைத் தண்ணீர் கொஞ்சமல்ல. இறவாரத்தோடு சேர்த்தால் கூரை ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். தை மாசியில் பக்கத்து ரப்பர் இலை உதிரும்போது ஓரத் தகரக் கால்வாய் எல்லாம் அடைத்துக்கொள்ளும் என்பதால், நான் கூரையில் கால்வாயே வைக்கவில்லை. இறவாரத்துக்கு நேர் கீழே தரையில் ஜல்லி போட்ட சிமெண்ட் வடிகால், அங்கிருந்து ஒரு குளத்துக்கு. கோடையில் மணல் நனைக்க அந்தத் தண்ணீர்தான்.

கூரை நின்ற பிறகே தரையின் மேல் அடுக்குகளைப் போடுங்கள். முதலிலேயே போட்டால் கிரேன் ஏறி இறங்கிக் குலைத்துவிடும். மேடை மண்ணின் மேல் செயற்கை நார்த் துணி ஒன்று விரியுங்கள். அது ஜல்லியும் செம்மண்ணும் ஒன்றுக்குள் ஒன்று புகாமல் பிரித்து வைக்கும். நம் ஊர்த் தென்னை நார்க் கயிற்றுப் பாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். சரிவில் மண்ணைப் பிடிக்க அது அருமையான பொருள், ஆனால் மக்கிப் போகும், அடியில் புதைக்க அது வேண்டாம். அதன் மேல் 15 சென்டிமீட்டர் ஜல்லி, சாலைக்குப் போடும் வெட் மிக்ஸ் மாதிரி பெரியதும் பொடியும் கலந்தது. 120 கன மீட்டர், அதாவது 42 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வரும். அதன் மேல் 5 சென்டிமீட்டர் பாறைப்பொடி, நனைத்து ரோலர் ஓட்டி, கார் போனாலும் தடம் பதியாத அளவுக்கு. குளம்பு இந்த அடுக்கைக் கிளறிவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

அப்புறம்தான் மணல். கடல் மணல் ஏன் கூடாது? அலை உருட்டி உருட்டிக் கடல் மணலின் ஓரம் மழுங்கியிருக்கும். கோலிக்குண்டு மேல் நிற்பது மாதிரி குளம்புக்கு அடியில் நழுவும். அதிலுள்ள உப்பு உங்கள் தூணை அரிக்கும், உப்புக்காகக் குதிரை மணலை நக்கும், வயிற்றில் மணல் சேர்ந்து சூலை, அதாவது கடும் வயிற்றுவலி வரும். எல்லாவற்றுக்கும் மேல் நம் கடற்கரை மணல் சாதாரண மணலும் அல்ல. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் பிரித்தெடுப்பது இந்த மணலிலிருந்துதான். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அதை அள்ளுவது குற்றம், அதன் தூசியை மகள் தினமும் சுவாசிக்க வைப்பது அதைவிடப் பெரிய தவறு.

போட வேண்டியது கழுவிய எம் சாண்ட். உடைத்த கல் என்பதால் முனை இருக்கும், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கழுவாத எம் சாண்டில் பொடி அதிகம். கான்கிரீட்டுக்கான தரநிலையே 150 மைக்ரானுக்குக் கீழான பொடி 20 சதவீதம் வரை இருக்க அனுமதிக்கிறது. வீடு கட்ட அது சரி, நம் வேலைக்கு அது நெஞ்சுக்குள் போகும் கல்தூள். குதிரையின் மூச்சுக்குழலுக்கும் ஏறுகிறவரின் நுரையீரலுக்கும் ஆகாது. லாரி வந்தவுடன் மணலைக் கொட்டவிடாதீர்கள். ஒரு கண்ணாடிக் குப்பியில் பாதி மணல், முக்கால்வரை தண்ணீர், நன்றாகக் குலுக்கி, திண்ணையில் வைத்துவிட்டு டிரைவருக்கு ஒரு சாயா கொடுங்கள். அவர் குடித்து முடிப்பதற்குள் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் அதன் மேல் சாம்பல் நிறத்தில் சேறு ஒரு படலமாகப் படியும். நூல் கனம் என்றால் இறக்கச் சொல்லுங்கள். விரல் கனம் என்றால் லாரி திரும்பிப் போகட்டும். 5 சென்டிமீட்டருக்கு 40 கன மீட்டர், அதாவது 14 யூனிட் வேண்டும். முழுக்கக் கான்கிரீட் மணலாக இருந்தால் லாடம் இல்லாத குளம்பை அறுக்கும். மூன்றில் ஒரு பங்கு, பூச்சு வேலைக்கு வரும் நயமான கழுவிய மணலைக் கலந்தேன். பதம் சரியாக வந்தது.

கூரைக்கு அடியில் மழை விழாது என்பதால் மணல் உலரும், தூசி பறக்கும். மழைக்காகக் கட்டிய இடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறதே என்று எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். 800 சதுர மீட்டரை ஒரு மில்லிமீட்டர் நனைக்க 800 லிட்டர், கோடையில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் கேட்கும். கூரை ஓரத்தில் விவசாய ஸ்பிரிங்க்ளர் கட்டிவிட்டால் வேலை சுலபம். தூசி அடக்க உப்பு வகைகள் விற்கிறார்கள். நம் கடலோரக் காற்றில் இரும்புக் கூரைக்கு அடியில் அதைப் போடவே கூடாது. நம்மிடம் அதைவிட நல்லது இருக்கிறது: தென்னை நார்க்கழிவு. உப்பு போகக் கழுவியதை வாங்கி, மேல் மணலில் பத்தில் ஒரு பங்கு கலந்தேன். நனைத்தால் ஈரத்தை இரண்டு நாள் பிடித்து வைக்கிறது. மக்குவதால் வருடம் ஒருமுறை கொஞ்சம் சேர்க்க வேண்டும். அளவு கூடினால் வழுக்கும். பதம் பார்க்க ஒரு கை அள்ளிப் பிடித்துப் பாருங்கள். கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அப்படி இருக்கும் நாளில் குதிரை போன பின் குளம்படியைக் குனிந்து பாருங்கள்: விளிம்பு கலையாமல், லாடத்தின் வளைவும், குளம்படியின் நடுவில் தவளை என்று சொல்லப்படும் முக்கோண மெத்தையின் வடிவமும் அச்சு மாதிரி பதிந்திருக்கும். அதுதான் நல்ல தரை.

சாணத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள், உலர்ந்து மிதிபட்டால் அதுவே தூசி. வாரம் இருமுறை பவர் டில்லரின் பின்னால் ஒரு கனத்த குழாயும் சங்கிலியும் கட்டிப் பரம்படித்தால் போதும். ஓரத்தில் குதிரை சுற்றிச் சுற்றி வாய்க்கால் மாதிரி பள்ளம் விழும், அதை மண்வெட்டியால் அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

ஓரத்தில் நாலரை அடி உயரத்துக்குப் பலகைத் தடுப்பு கட்டாயம். நேராக நிறுத்தாமல், மேல் விளிம்பு வெளிப்பக்கம் 10, 15 டிகிரி சாய்ந்திருக்கும்படி வையுங்கள். குளம்பு அடிப்பலகையில் தட்டி விலகிவிடும், ஏறியிருப்பவரின் முழங்கால் தூணில் மோதாது. தூண் எல்லாம் இந்தப் பலகைக்கு வெளியே. அயினிப் பலகை கிடைத்தால் விடாதீர்கள், படகு கட்டும் மரம், ஈரத்துக்கு அசையாது. ரப்பர் மரப் பலகை கையருகே கிடைத்தாலும் சாரலில் பூசணம் பிடித்துச் சீக்கிரம் போய்விடும். வாசல் 12 அடி அகலம், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தென்னை எதுவும் கூரைக்கு ஓலை விழும் தூரத்தில் நிற்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பணம் ஒரே தவணையில் இல்லையென்றால், மணலிலோ அஸ்திவாரத்திலோ கைவைக்காமல் நீளத்தைக் குறையுங்கள். முதல் கட்டமாக 20க்கு 20, பக்கத்துக்கு ஐந்து தூண். ஒரு முழு வட்டம் அதில் அடங்கும், மழை நாளில் கயிற்றில் சுற்றவிடவும் மகள் உட்காரும் முறையைப் பழகவும் போதும். கடைசித் தூண் வரிசையைப் பிறகு நீட்டப்போகிறோம் என்று இன்ஜினீயரிடம் முதலிலேயே சொன்னால், அதையும் நடுத்தூண் போலவே கணக்கிட்டுக் கொடுப்பார். மண் மேடையை மட்டும் முழு நீளத்துக்கும் இப்போதே அமைத்துவிடுங்கள்.

முடிந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. ஷீட் மேல் அடைமழை விழும் சத்தம் செண்டை மேளம் மாதிரி இருக்கும், பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. முதல் மழையன்று யாரும் ஏற வேண்டாம். மழை வருவதற்கு முன்பே இரண்டு குதிரைகளையும் சேர்த்து உள்ளே கொண்டுபோங்கள். நிதானமான குணமுள்ளது எதுவோ அது முன்னால் போகட்டும். புல்லை மணலில் போடாமல் வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டு, கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூடவே நில்லுங்கள். சத்தம் ஏறும்போது காது முன்னும் பின்னும் திரும்பும், தலை உயரும், மெல்லுவது நின்றுவிடும். இழுக்காமல், பேசாமல் அப்படியே நில்லுங்கள். எங்கள் பெட்டை மூன்றாவது மழையில் தலையைத் தாழ்த்தி மறுபடி மெல்ல ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் அவள் மேல் சேணத்தை வைத்தோம்.